எடைமேடைக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

"கீழ எறங்கு" என்கிறார் பீம்ராவ். டிரைவர் இறங்குகிறார். கிளீனர் இறங்குகிறார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அது நம்முடைய அறியாமை. பீம்ராவ் கேபினுக்குள் தலையை விட்டுப் பார்க்கிறார். தண்ணீர் கேன், பம்ப் ஸ்டவ், சுருட்டி வைத்த பாய், எப்போதோ வாங்கி மறந்துபோன ஒரு தர்பூசணி, எல்லாம் தரைக்கு வருகின்றன. அதன் பிறகே கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து, சிவப்பு எண்கள் ஆடி அடங்கும் வரை காத்திருந்து, காலி வண்டியின் எடையைச் சீட்டில் அடிக்கிறார். பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டும் மேடை அது. ஒரு தர்பூசணி ஏறினாலும் இறங்கினாலும் பெரும்பாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. அதை எடுத்துச் சொன்னால், "மிசினுக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியுமில்ல" என்பார்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் இருக்கும் எடைமேடைகளில் ஒன்றுக்கு அவர் பதினாறு வருஷமாக ஆபரேட்டர். எதிர்ச்சாரியில் உள்ள லாரி புக்கிங் ஆபீசில் நான் இருக்கிறேன். எனக்கு வேலை குறைவு, ஜன்னல் பெரிது. அதனால் பீம்ராவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர் முதலாளிக்குக்கூடத் தெரியாது. வயது நாற்பத்தெட்டு. அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, மற்றொன்று டிரைவர்கள் கேட்டால் கொடுக்க. அந்த இரண்டாவது பேனாவில் மை கிடையாது. கொடுத்தது திரும்பி வரவேண்டுமே.

என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்வதில்லை. "சார் அறுவத்தெட்டு" என்பார். தீபாவளிக்கு முன்பு நான் அறுபத்தாறு. ஒருமுறை மருந்துக் கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன். அறுபத்தேழரை காட்டியது. போய்ச் சொன்னதற்கு, அந்தத் தராசுக்கு முத்திரை இருக்கிறதா பார்த்தீர்களா என்று கேட்டார். அந்த முத்திரை விஷயத்தில் அவரிடம் விளையாடக் கூடாது. வருஷா வருஷம் எடையளவு ஆய்வாளர் வந்து மேடையைச் சோதித்து, கம்பி கட்டி, ஈய வில்லையில் முத்திரை குத்திவிட்டுப் போவார். பீம்ராவ் அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் வருவார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

வீடு எர்ணாவூர் குடியிருப்பில், இரண்டாவது மாடி. கம்ப்யூட்டர் வாங்கியது மனைவி அன்புக்கரசிக்காக. அவர் அங்கன்வாடிப் பணியாளர். பகலில் முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்குச் சோறு போட்டு, மூக்கைத் துடைத்து, தூங்க வைப்பார். மாலையில் அஞ்சல்வழியில் எம்.ஏ. சமூகவியல். உதிரி பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தது திருவொற்றியூரில் கடை வைத்திருக்கும் ஜெனிஷ் என்ற நாகர்கோவில்காரர். பத்து ஜிபி ஹார்டு டிஸ்க் என்று சொல்லி விற்றார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஒன்பதே கால் சொச்சம்தான் காட்டியது. பீம்ராவ் அன்று மாலையே கடைக்குப் போய்விட்டார். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது என்று ஜெனிஷ் விளக்கியிருக்கிறார். விளக்கம் எடுபடவில்லை. இரும்பில் இப்படிக் குறைத்தால் மார்க்கெட்டில் கட்டி வைத்து உதைப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் குறையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். நானே பார்த்தேன்.

ஐந்து வருஷம் அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98 ஓடியது. இரண்டாயிரத்து ஆறு ஜனவரியில் பீம்ராவ் ஒரு செய்தி படித்தார். எங்கேயோ ஒரு கடையில் சோதனை நடந்து, திருட்டு சிடிக்களை மூட்டையாக அள்ளிப்போனதாக அதில் இருந்தது. சந்தேகம் வந்து ஜெனிஷைக் கேட்டார். ஜெனிஷ் சிரித்தபடியே, ஊரில் எல்லார் வீட்டிலும் அதுதான் அண்ணே, நம்ம தெருவில் யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டார். சிரித்தது தப்பாய்ப் போயிற்று. மறுநாள் என் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்த பீம்ராவின் முகம், மேடைக்கடியில் யாரோ செங்கல் வைத்ததைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

"சீல் இல்லாத தராசுல நிறுத்தா அது நிறுவையா சார்? அஞ்சு வருசமா திருட்டு மாலு மேல குந்திகினு கீறோம்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஒரு வாரத்தில், கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் சிடிக்கள் நான்கைக் கையில் வைத்திருந்தார். கூடவே அதன் உரிம வாசகத்தை யாரையோ விட்டுத் தமிழில் எழுதி வாங்கியிருந்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று அதில் இருப்பதை அடிக்கோடிட்டுக் காட்டினார். "காப்பி அட்ச்சிக் குடுன்னு அவனே எயுதிக் குட்த்துகீறான் சார்" என்றார். லினக்ஸ்காரர்கள் யாராவது அந்த நேரம் பக்கத்தில் இருந்திருந்தால் மாலை போட்டிருப்பார்.

ஜெனிஷ் ஒரு நல்ல யோசனை சொன்னார். டிஸ்க்கை இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம், அக்காவுக்கும் வேலை நிற்காது என்றார். பீம்ராவ் ஒப்பவில்லை. ஒரே லாரியில் இரண்டு பார்ட்டியின் லோடை ஏற்றினால் யாருடையது எவ்வளவு என்று எவன் சொல்வான்? புது லோடு ஏற்றுவதற்கு முன் வண்டி முழுக்கக் காலியாக வேண்டும், காலி எடை எடுக்க வேண்டும், அதைக் குறிக்க வேண்டும். அதுதான் முறை. முறையை ஹார்டு டிஸ்க்குக்காக மாற்ற முடியாது.

அன்புக்கரசியின் ஆய்வேடு அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. காசிமேட்டு மீன்காரப் பெண்களின் அன்றாடம் பற்றியது. இருபத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை விடியலில் துறைமுகத்துக்குப் போய், ஏலம் நடக்கும் இடத்தில் கூடைகளுக்கு நடுவே நின்று, கேட்டுக் கேட்டு எழுதியது. ஐந்து அத்தியாயம், அறுபத்து நான்கு பக்கம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் எம்.ஏ. முடியும், மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போடலாம். விட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

இதெல்லாம் பீம்ராவுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஆய்வேட்டைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் டிஸ்க்கைக் காலி செய்வது என்று முடிவெடுத்தார். பிப்ரவரி கடைசி ஞாயிறு. மனைவி தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் முத்திரையோடு நிற்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. திரையின் முகப்பில் ஐந்து அத்தியாயங்களும் ஐந்து சின்னப் படங்களாக வரிசையாக இருந்தன. அக்கா தேடக் கூடாதே என்று ஜெனிஷ் அங்கே வைத்துக் கொடுத்தது. அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக ஒரு ஃப்ளாப்பிக்கு மாற்றினார். ஃப்ளாப்பியில் பெயர் எழுதி ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தார். பிறகு டிஸ்க்கைத் துடைத்தார். காலி எடையைக் குறித்தார். லினக்ஸை ஏற்றினார். நான்கு சிடியும் மாற்றி மாற்றிப் போட்டு முடிக்க மத்தியானம் ஆயிற்று.

மாலை அன்புக்கரசி வந்தார். புதுத் திரையைப் பார்த்து அழகாக இருப்பதாகச் சொன்னாராம். பீம்ராவ் பீரோவைத் திறந்து ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டார். ஐந்து பெயர்களும் வந்தன. எதைத் திறந்தாலும் ஒன்றும் வரவில்லை. பெயர்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றின் அளவும் இருந்தது. முந்நூறு பைட், முந்நூற்றுப் பத்து பைட். ஒரு பக்கத்தைக்கூட அதில் அடைக்க முடியாது.

ஜெனிஷ் கடையை அடைத்துவிட்டு வந்து பார்த்தார். முகப்பில் இருந்தவை அத்தியாயங்கள் அல்ல, அத்தியாயங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் குறிகள் என்றார். "எர்ணாவூர் மூணு கிலோமீட்டர்னு ரோட்டுல போர்டு இருக்குல்லா அண்ணே, நீங்க அந்த போர்ட மட்டும் பேத்து எடுத்துட்டு வந்துட்டிய. ஊரு இதுல இல்ல." ஊர் இருந்த இடத்தின் மேல் நான்கு சிடி லோடு ஏறியாகிவிட்டது. இனிமேல் அதைத் தோண்டி எடுப்பது தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அன்புக்கரசி கத்தவில்லை. ஃப்ளாப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"நிறுத்துப் பாக்கலியா நீ?"

இந்தக் கேள்வியை எனக்குச் சொன்னது பீம்ராவ்தான். சொன்னபோது மேடையில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவரை இறக்காமலே எடை போட்டுவிட்டார். நான் பார்த்த வரையில் பதினாறு வருஷத்தில் அது ஒருமுறைதான்.

கையெழுத்துப் பிரதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். டைப் ஆகிவிட்டதே என்று அன்புக்கரசி அந்தத் தாள்களை அங்கன்வாடிக்குக் கொண்டுபோய்விட்டார். முப்பத்தெட்டுக் குழந்தைகள் அவற்றின் பின்பக்கத்தில் படம் வரைந்தன. பாதியை வீட்டுக்குக் கொண்டுபோயின. பீம்ராவ் ஒரு வாரம் மாலை நேரங்களில் குடியிருப்பின் படிகளில் ஏறி இறங்கி, உங்கள் பிள்ளை வரைந்த படத்தைப் பார்க்கலாமா என்று வீடு வீடாகக் கேட்டார். பத்தொன்பது தாள் கிடைத்தது. தாய்மார்கள் அவரை வினோதமாகப் பார்த்தார்கள். ஒரு வீட்டில், பிள்ளை நன்றாக வரைகிறான் என்று இவர் சொல்வார் என எதிர்பார்த்து டீ கொடுத்திருக்கிறார்கள். இவர் குடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் படித்தார்.

அந்த வாரம் முழுக்க அன்புக்கரசி அவரோடு பேசவில்லை. பின்னால் என்னிடம் சொன்னார்: "கெடுக்கணும்னு செய்யல சார் அவரு, அதான் பேஜாரு. கெடுக்கணும்னு செஞ்சிருந்தா நாலு வார்த்த கேட்டுட்டு வுட்டிருப்பேன்." எட்டாம் நாள் பீம்ராவ் ஜெனிஷை வீட்டுக்குக் கூட்டிவந்தார். "அந்தத் திருட்டு மாலயே போடுபா" என்றார். அதைச் சொல்ல அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜெனிஷ் சிடியைக் கையில் எடுத்தபோது, அதுவரை சமையல் பக்கம் இருந்த அன்புக்கரசி வந்து தடுத்தார். இன்னொரு முறை அழிக்க வேண்டாம், இதிலேயே அடித்துக்கொள்கிறேன் என்றார். ஒரு நிபந்தனை. லினக்ஸில் பெரிய பாஸ்வேர்டு என்று ஒன்று உண்டு. அது இல்லாமல் எந்த மென்பொருளையும் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது, டிஸ்க்கைத் துடைக்கவும் முடியாது. அதைத் தானே மாற்றி வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். பீம்ராவ் எழுந்து நாற்காலியை அவருக்குத் தள்ளினார். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டர் இவர், அதிகாரி அவர்.

மார்ச்சில் மிச்சமிருந்த மூன்று ஞாயிறும், விடுப்பு நாட்களில் பாதியும் காசிமேட்டில் கழிந்தன. விடியற்காலை நாலரைக்கு டிவிஎஸ் ஐம்பதில் இரண்டு பேரும் கிளம்புவார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எடை சொல்லும் பழக்கம் பீம்ராவுக்கு உண்டு. அந்த மாதம் சொல்லவில்லை. துறைமுகத்தில் அன்புக்கரசி கேள்வி கேட்பார், இவர் நோட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுவார். முதல் நாளே விஷயம் பரவிவிட்டது. அங்கே அவருக்கு வைத்த பெயர் 'அழிச்சவரு'. "டீச்சரு வந்துகீது, அழிச்சவரும் வந்துகீறாரு" என்று கூடைக்குக் கூடை செய்தி போகும்.

மீன்காரப் பெண்களில் மூத்தவர் கெங்கம்மா, ஐம்பத்தெட்டு வயது. இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அழிந்ததும் ஒருவகையில் நல்லதுக்குத்தான் என்றாராம். "போன தபா டீச்சருகிட்ட நல்லதா பாத்துப் பாத்துச் சொன்னேன் நைனா. இப்ப நெசத்தச் சொல்றேன், எயுதிக்கோ." பஸ்ஸில் கூடையோடு ஏறவிடாமல் கண்டக்டர் விசில் அடிப்பது, ராயபுரத்திலிருந்து வெயிலில் நடப்பது, கழுத்து எலும்பு தேய்ந்து ராத்திரியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவது, எல்லாம் இந்த முறைதான் வந்தது.

தலைச்சுமை முப்பது கிலோ இருக்கும் என்று ஒரு வரி பழைய பிரதியில் இருந்ததாம். 'இருக்கும்' என்ற வார்த்தை பீம்ராவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு கொக்கித் தராசோடு வந்தார். முதலில் காலிக் கூடை, பிறகு மீனோடு. நாற்பத்தொரு பெண்களின் கூடைகளை நிறுத்தார். கெங்கம்மாவின் சுமை முப்பத்தாறு கிலோ. அந்த அம்மாளும் விளையாட்டுப் போல, என்னையும் நிறு என்று பக்கத்து ஐஸ் கம்பெனியின் தராசில் ஏறி நின்றார். நாற்பத்து மூன்று. பீம்ராவ் இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக்கொண்டாராம். "அன்னிக்கு சோறு எறங்கல சார் எனக்கு" என்றார் என்னிடம். எனக்கும் அதைக் கேட்ட அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. அந்த ஐஸ் கம்பெனித் தராசின் முத்திரை காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது என்ற தகவலை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் சேர்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, சேர்த்தும்விட்டார்.

இந்த முறை டைப் அடித்தது பீம்ராவ்தான். விசைகளின் மேல் தமிழ் எழுத்துக்களைச் சின்னச் சீட்டுகளாக வெட்டி ஒட்டிக்கொண்டு, மாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவார். எண்கள் மட்டும் மின்னல் வேகத்தில் விழும், எழுத்துக்கள் ஊரும். மனைவி சொல்லச் சொல்ல அடிப்பார், ஒரு வார்த்தையும் தானாக மாற்றமாட்டார். ஒவ்வொரு மாலையும் முடிந்ததும் மூன்று ஃப்ளாப்பிகளில் ஏற்றுவார். மூன்றையும் திரும்பப் போட்டு, கடைசிப் பக்கம் வரை திறந்து பார்ப்பார். ஒரு ஃப்ளாப்பி ஜெனிஷ் கடைக்குப் போகும், ஒன்று எனக்கு வரும். என் மேஜை இழுப்பறையில் கெங்கம்மா ஒரு மாதம் இருந்தார்.

மார்ச் முப்பதாம் தேதி ஆய்வேடு எழுபத்தொன்பது பக்கமாகப் போய்ச் சேர்ந்தது. தேர்வாளர்கள் தலைச்சுமை அட்டவணையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். அன்புக்கரசி ஜூலையில் தேறினார். மேற்பார்வையாளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, உத்தரவு இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். என் மகளுக்கு லினக்ஸ் வேண்டுமாம், பார்க்கப் போனேன். பீம்ராவ் எனக்குக் காட்டுவதற்காக ஒரு தமிழ் அகராதியை ஏற்ற முயன்றார். திரையில் ஒரு கட்டம் வந்து பெரிய பாஸ்வேர்டைக் கேட்டது. உள்ளே பார்த்து "இந்தா, கொஞ்சம் வா" என்று குரல் கொடுத்தார். அன்புக்கரசி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார். பீம்ராவ் நாற்காலியிலிருந்து எழுந்து, நான்கு எட்டு நடந்து, புத்தர் படத்துக்குக் கீழே சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றார்.

நான் அன்புக்கரசியைப் பார்த்தேன். அவர் விசைகளைத் தட்டவில்லை. பாஸ்வேர்டை இப்போது தான் அவரிடம் மறைப்பதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ரிசல்ட் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாராம். காதில் வாங்கவில்லை என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தாராம். பீம்ராவ் மடித்ததைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். "போதும்யா, இப்டித் திரும்பு. சாருகூட பாத்துகினு கீறாரு."

பீம்ராவ் திரும்பவில்லை. நான் எழுந்து பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்றவர், கண்களையும் மூடியிருந்தார்.